சிவப்பு மையும் பன்னிரண்டு மூட்டை மிளகும்

டி.எஸ்.பி ஐயாவின் மேஜைமேல் என் புத்தகம் இருந்தது.

வெளியே பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடி வரை வந்து நின்றிருந்தது. ஹீட்டர் சிவந்து எரிய, அதன் முன்னால் நாற்காலி முதுகில் ஐயாவின் கம்பளி மேல்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அறை முழுக்க ஈரக் கம்பளி வாசனை. மேஜையில் கோப்புகள், காய்ச்சல் மாத்திரை, வெந்நீர் பிளாஸ்க், நடுவில் என் புத்தகம். அதன் பக்கங்களுக்கு இடையிலிருந்து ஏழெட்டுக் காகிதத் துண்டுகள் எட்டிப் பார்த்தன.

நான் கீழ்மலை ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர், மூன்று கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டவன். குற்றக் கதைகளைத் திரட்டி இரண்டு தொகுப்புகள் கொண்டுவந்தவன். என் புத்தகம் ஒன்றில் யாரோ பக்க அடையாளம் வைத்திருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சல்யூட் அடிக்கும்போதும் என் கண் அந்தத் துண்டுகளின் மேலேயே இருந்தது.

"உட்காருங்க கவிஞரே. ரெண்டு நாளா காய்ச்சல். வேற எதுவும் கைக்குக் கெடைக்கல. உங்க புத்தகத்தை முழுசாப் படிச்சிட்டேன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷங்கய்யா."

"அதுல ஏழாவது கதை, அந்த மிளகுக் கதை. அதை மட்டும் மூணு தடவை படிச்சேன்."

நான் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டேன். ஏழாவது கதைதான் தொகுப்பின் மணிமகுடம் என்று முன்னுரையில் நானே எழுதியிருந்தேன்.

"எழுதினது யாரு?"

"நம்ம கண்டுபிடிப்புங்கய்யா. பெரும்பாறைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளி, பேரு சிவலிங்கம். நல்ல எதிர்காலம் இருக்கு."

"இருக்கும்" என்றார் ஐயா. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "அந்த ஆளைத் தூக்கிட்டு வாங்க."

அடிக்கோட்டின் வரலாறு

இந்தத் தொடரை நான் துறையின் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அனுமதிக் கடிதம் ஒரே பக்கம். அதில் 'வழக்குகள் குறித்த எந்த ரகசியத்தையும் எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது' என்ற வரிக்கு மட்டும் கீழே பேனாவால் இரண்டு முறை கோடு இழுத்திருக்கிறார்கள். மற்ற காவல்துறை எழுத்தாளர்கள் யாருக்கும் அந்தக் கோடு கிடையாது. விசாரித்துவிட்டேன். எனக்கு மட்டும் ஏன் என்பதுதான் இந்த வார விஷயம். வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டதால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சென்ற வாரம் ஏரிக்கரையில் வாடகைக் குதிரை என் தொப்பியைத் தின்றதை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆயக்குடியிலிருந்து ஒரு வாசகர் ஒரு பெட்டி கொய்யாப்பழம் அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு சீட்டு. 'கட்டுரை நன்று. இடையில் வரும் கவிதைகளைத் தவிர்த்தால் இன்னும் நன்று.' பழம் நல்ல இனிப்பு. சீட்டை ஸ்டேஷன் ரைட்டர் செல்லப்பாண்டி பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

செல்லப்பாண்டி யார் என்று சொல்லிவிட வேண்டும். ஏட்டு. எங்கள் கீழ்மலை ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். மனு, வாக்குமூலம், கேஸ் டைரி எல்லாம் அவர் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். என் இலக்கியப் படைப்புகளையும் அவர்தான் டைப் அடிப்பார். அதற்கு நானே கையெழுத்து, நானே முன்னுரை.

மேகம் லோக்கல்

என் புனைபெயர் 'பனிச்சாரல்' பரமசிவம். மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே சூட்டிக்கொண்டது. அதற்கு முன் சமவெளியில் 'வெயில்நிலவன்' என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். தட்பவெப்பத்துக்கு ஏற்ப எழுத வேண்டும் என்பது என் கொள்கை.

காவல்துறையில் கவிஞனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கேட்பதற்கு ஆள் பஞ்சம் இல்லை. காலை ரோல்கால் முடிந்ததும் இருபது பேர் அட்டென்ஷனில் நிற்கிறார்கள். ஒரு கவிதை வாசித்தால் யாரும் நகர முடியாது. அவர்கள் முகத்தில் தெரிந்த இறுக்கத்தை நான் பல காலம் ரசனை என்றே எடுத்துக்கொண்டேன்.

சீசன் நேரத்தில் மேல்மலைச் சாலையில் இ-பாஸ் பார்க்கும் டியூட்டி போட்டார்கள். கார்கள் வரிசையாக நிற்க, அவற்றின் ஊடே ஒரு மேகம் சாவகாசமாக இறங்கி வந்தது. அங்கேயே ஒரு கவிதை பிறந்தது.

*மேகமே,*
*உனக்கு இ-பாஸ்*
*இருக்கிறதா?*

செல்லப்பாண்டியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மேகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்காதுங்கய்யா. மேகம் லோக்கலு. லோக்கலுக்குப் பாஸ் வேணாம்" என்றார்.

அந்தக் கவிதை கொடைக்கானலில் ஓட்டல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவெல்லாம் சுற்றியது. அந்தத் துணிச்சலில்தான் அடுத்த குற்றக் கதைத் தொகுப்பை அறிவித்தேன். 'கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டு குற்றங்கள்' என்று தலைப்பு. மலைவாழ் புதிய எழுத்தாளர்களுக்கு வாய்ப்பு என்று நோட்டீஸ் அடித்து, டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் காவலர்களை விட்டே ஒட்டவைத்தேன். போலீஸ் ஒட்டிய நோட்டீஸ் என்பதால் ஜனங்கள் ஏதோ தேடப்படும் குற்றவாளி என்று நினைத்து நின்று படித்தார்கள்.

கதைகள் குவிந்தன. அநேகமாக எல்லாக் கதையிலும் கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வந்து கண்டுபிடித்துவிடுவார். கையில் ஒரு கவிதைப் புத்தகமும் வைத்திருப்பார். நம் மக்களுக்கு யாரிடம் எதைக் கொடுக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

தலைசுற்றிய நாய்

நோட்டீஸ் ஒட்டிய சில நாட்களில்தான் அந்த மிளகுத் திருட்டு.

பெரும்பாறைக்குக் கீழே ஒரு எஸ்டேட். காப்பி, மிளகு, ஊடே ஆரஞ்சு. முதலாளி மதுரையில் இருப்பவர். அங்கே மேனேஜர் ரங்கராஜ் வைத்ததுதான் சட்டம். ஒரு புதன்கிழமை காலை அவர் ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். ஸ்டோர் பூட்டை அறுத்து, காயவைத்துக் கட்டியிருந்த மிளகு பன்னிரண்டு மூட்டையை யாரோ தூக்கிவிட்டார்கள் என்றார்.

நான் நேரில் போனேன். மேனேஜர் வராந்தாவில் நாற்காலி போட்டு, எஸ்டேட்டிலேயே வறுத்து அரைத்த காப்பி கொடுத்தார். அப்படி ஒரு காப்பியை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அவரை விசாரித்தேன். முதலாளியைப் போனில் விசாரித்தேன். மறுபடி அவரையே விசாரித்தேன், இன்னொரு டம்ளர் வந்தது.

மோப்ப நாய் வந்தது. ஸ்டோரை ஒரு சுற்றுச் சுற்றி, நேராக மேனேஜர் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. அத்தனை வளைவில் வண்டியில் வந்ததால் அதற்குத் தலைசுற்றல் என்று முடிவுசெய்து, பால் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டு தடயங்கள் கிடைத்தன. பூட்டை அறுத்த ஆக்சா பிளேடில், சத்தம் வராமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார்கள். அந்தப் பிளேடின் உடைந்த துண்டு ஸ்டோருக்குப் பின்னால் மிளகுக் கொடியின் அடியில் கிடந்தது. இரண்டையும் வெளியே யாருக்கும் சொல்லவில்லை. யாராவது பிடிபட்டால், அவன் வாயிலிருந்தே இது வர வேண்டும் என்பதற்காக. கேஸ் டைரியில் மட்டும் எழுதினோம். அது எனக்கும், செல்லப்பாண்டிக்கும், டைரியைப் பார்வையிடும் டி.எஸ்.பி ஐயாவுக்கும் தெரியும். பூட்டை அறுத்தவனுக்கும் தெரியும்.

கருமிளகின் கண்ணீர்

சிவலிங்கத்தின் கதை தபாலில் வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து பத்துத் தாளைக் கிழித்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்திருந்தார். பிரித்ததும் மிளகு நெடி ஏறித் தும்மினேன். 'நடந்தது' என்று தலைப்பு. இதையெல்லாம் ஒரு தலைப்பு என்று வைப்பார்களா?

கதை இதுதான். ஒரு தோட்டம். ஏலக்காய்த் தோட்டம். அலங்காரமே இல்லாத நடை. ஒரு தொழிலாளி ஏணியிலிருந்து விழுந்து கால் வீங்கிக் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சந்தைக்குப் போய்விட, அவன் மட்டும் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறான். அப்போது தோட்டத்தை நடத்தும் துரையே தன் மச்சினன் ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றுவதைப் பார்க்கிறான். மூன்று நாள் கழித்துத் துரை தன் பூட்டைத் தானே அறுத்துவிட்டுக் கூப்பாடு போடுகிறார். போலீஸ் வருகிறது. காப்பி குடிக்கிறது. போய்விடுகிறது. கதை முடிந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே திருடன் யார் என்று சொல்லிவிட்டால் மர்மம் எங்கே இருக்கும்? துப்பறிய ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டாமா? ஆனால் மனிதருக்குக் கண் இருந்தது. சாக்கு முடிச்சைப் பற்றி எழுதியிருந்தது, வலிக்கும் காலை மடக்கி நீட்டுவதை எழுதியிருந்தது எல்லாம் நிஜமாக இருந்தன. கொஞ்சம் செப்பனிட்டால் தேறும் என்று சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன்.

ஏலக்காயை மிளகாக்கினேன். கையில் சூடாக ஒரு மிளகு வழக்கு இருக்கும்போது எதற்கு ஏலக்காய்? துரையை நீக்கி, முகமூடிக் கும்பல் ஒன்றை வைத்தேன். ஜீப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். பச்சை ஜீப், இடப்பக்க விளக்கு உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறது, பின்னால் பச்சைத் தார்ப்பாய் என்றெல்லாம். தேவையில்லாத வர்ணனை என்று அடித்தேன். காப்பி குடிக்கும் போலீஸை எடுத்துவிட்டு, சங்க இலக்கியம் தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டரை நுழைத்தேன். அவர் துப்பறிய ஏதாவது தடயம் வேண்டும் இல்லையா? தேங்காய் எண்ணெய் தடவிய பிளேடு. மிளகுக் கொடியடியில் உடைந்த துண்டு. எழுதும்போது கை தானாக ஓடியது. எனக்கே புல்லரித்தது.

தலைப்பை 'கருமிளகின் கண்ணீர்' என்று மாற்றினேன்.

கடைசியாக முன்னுரை. 'இந்த மலைமகன் சிவலிங்கத்தின் எழுத்தில் ஒரு கமாவைக்கூட நான் தொடவில்லை. தொட மனம் வரவில்லை' என்று எழுதினேன். புதிய எழுத்தாளரைக் கண்டுபிடித்த பெருமை வேண்டுமென்றால், கண்டுபிடித்தது அப்படியே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தொகுப்பாசிரியர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

கொடைக்கானலில் ஒரு ஓட்டல் ஹாலில் வெளியீட்டு விழா நடந்தது. எங்கள் சப்-டிவிஷன் காவலர்கள் சீருடையில் வந்து கைதட்டினார்கள். மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்ததால் சிவலிங்கம் வர முடியவில்லை. எழுத்தாளர் பிரதியை அவருக்கு அனுப்ப நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு ஆரஞ்சு

இப்போது டி.எஸ்.பி ஐயாவின் அறைக்கு வருவோம். அவர் காய்ச்சலில் படித்தது ஒரு கதை அல்ல. கேஸ் டைரியில் மட்டும் இருக்க வேண்டிய இரண்டு தடயங்கள் அச்சில் ஏறியிருந்தன, கீழே ஒரு ஆளின் பெயரும் ஊரும். ஐயாவுக்குக் கணக்கு ரொம்பச் சுலபம்.

"திருடிட்டு, அதையே கதையா எழுதி, போலீஸ்காரனுக்கே அனுப்பியிருக்கான்யா. என்ன நெஞ்சழுத்தம்" என்றார்.

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "சரிங்கய்யா" என்றுதான் வந்தது.

செல்லப்பாண்டி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். 'கதை விஷயமாக இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறார்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பொய் இல்லைதான். சிவலிங்கத்துக்கு ஐம்பது வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகத் தாய் தகப்பனோடு வந்து இங்கே குடியமர்ந்தவர். பரிசு ஏதோ கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, துவைத்த வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். கூடவே அவர் மனைவி சரோஜா. எனக்குக் கொடுக்க முந்தானையில் இரண்டு ஆரஞ்சு முடிந்துகொண்டு வந்திருந்தார்.

அந்த ஆரஞ்சுகளை என் மேஜைமேல் வைத்த பிறகுதான் டி.எஸ்.பி ஐயா உள்ளே வந்தார்.

"இதை எழுதினது நீதானே?"

சிவலிங்கம் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டி, மெதுவாக. ஸ்டேஷனே காத்திருந்தது. பக்கம் திரும்பத் திரும்ப அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஐயா, இது நான் எழுதினது இல்லீங்களே" என்றார்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

"மெய்யாலுமே இல்லீங்கய்யா. என்னோட கதையில எண்ணெயும் இல்ல, பிளேடும் இல்ல. இப்படி நான் கதைக்கவும் மாட்டேன்."

ஐயா முன்னுரையைப் புரட்டி உரக்க வாசித்தார். 'ஒரு கமாவைக்கூட நான் தொடவில்லை.' வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே கவிஞரே?"

சிவலிங்கமும் என்னைப் பார்த்தார். அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை. இந்த ஐயா இப்போது சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையோடுதான் பார்த்தார். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

"கையெழுத்துப் பிரதியைப் பார்த்துட்டுச் சொல்றேங்கய்யா" என்றேன்.

"பாருங்க. நாளைக்கு ரிமாண்ட்" என்று சொல்லிவிட்டு ஐயா கிளம்பினார்.

அடித்த பக்கங்கள்

ஒரு மணி நேரத்துக்குள் எஸ்டேட்டுக்குச் செய்தி போய்விட்டது. சரோஜாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். அழவில்லை.

"மேனேஜரு எங்க சட்டி பானையெல்லாம் வெளியே எடுத்து வைக்கிறாராம்யா. திருட்டுப் பயலுக்கு லயத்துல இடமில்லைன்னு சொல்றாராம். மழ வர்ற மாதிரி இருக்கு. இவரு கையெழுத்து எதுவும் போடணும்னா வெரசாப் போட்டு அனுப்பிச்சிருங்க, நாங்க போய்ப் பார்க்கணும்."

கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே செல்லப்பாண்டி வந்தார்.

"ஐயா, அந்தக் கதைய டைப் அடிச்சது நாந்தான். செவப்பு மை வண்டி வண்டியாக் கெடந்துச்சு."

"தெரியும்யா."

"தேங்காண்ணெ வர்ற எடத்துலயே எனக்குத் திக்குன்னுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நம்ம ஸ்டேஷன்ல ஐயா எழுதுனத யாருங்கய்யா குத்தம் சொல்லுவா?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. இருபது பேர் அட்டென்ஷனில் நின்று கவிதை கேட்ட காலைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

பீரோவிலிருந்து பிரதியை எடுத்தேன். சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. என்னென்னவோ ஓடியது மனதில். வழக்கு ரகசியத்தைப் புத்தகத்தில் போட்டதற்குச் சஸ்பெண்ட் நிச்சயம். அடுத்த மாதம் மதுரையில் ஒரு இலக்கிய அமைப்பு விருது தருவதாக இருந்தது, அதுவும் போகும். எதிர்ப்பக்கம் வைத்துப் பார்த்தால் பத்துத் தாளை அடுப்பில் போட வேண்டியதுதான், செல்லப்பாண்டியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.

பிறகு, எரிப்பதற்கு முன் எதை எரிக்கிறோம் என்று பார்ப்போமே என்று படித்தேன். நான் சேர்த்ததை அல்ல, அடித்ததை. சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவருடைய நீல எழுத்து அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. சந்தை. மச்சினன். பச்சை ஜீப். இடப்பக்கம் உடைந்த விளக்கு. மூன்று நாள் கழித்துப் புதன்கிழமை.

ஓரத்தில் என் குறிப்பு இருந்தது. 'நம்பும்படி இல்லை. தோட்டத்துத் துரையே திருடுவாரா? வாசகர் ஏற்கமாட்டார்.'

நாய் படுத்த வாசல் ஞாபகம் வந்தது. அந்த வாசலில் நின்றிருந்த ஜீப்பும்தான். அந்தக் கம்பி கட்டிய விளக்கின் மேல் தொப்பியை வைத்துவிட்டுத்தான் நான் காப்பி குடிக்கப் போனேன்.

சோற்றில் கை வைக்காமலே எழுந்தேன்.

வாக்குமூலம்

ஐயாவின் அறையில் அதே ஹீட்டர். பிரதியை மேஜைமேல் வைத்து, "ஐயா, அந்த எண்ணெயும் பிளேடும் நான் எழுதினது" என்றேன். கவிதையில் இதுவரை இவ்வளவு சின்ன வரி எனக்கு வந்ததில்லை.

அவர் தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்துத் தாளையும் படித்தார். சிவப்பையும் படித்தார், அதற்கு அடியில் இருந்ததையும் படித்தார். ஓரக் குறிப்பு வந்ததும் நிறுத்தி, அதை இரண்டு முறை வாசித்தார்.

"யோவ், சாட்சியை அடிச்சிட்டு, ரகசியத்தைச் சேர்த்திருக்கீங்க. இந்த வேலையைத் திருடனே பண்ணியிருந்தாக்கூட இம்புட்டு நல்லா வந்திருக்காது."

"ஆமாங்கய்யா."

"உங்க சமாச்சாரத்தை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல வண்டியை எடுங்க."

எஸ்டேட்டுக்குப் போனபோது லயத்து வாசலில் சிவலிங்கத்தின் பாத்திரங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மேனேஜர் ரங்கராஜ் சிரித்த முகமாக நாற்காலி போட்டார். காப்பி என்றார். வேண்டாம் என்று சொன்னது என் சர்வீஸிலேயே கஷ்டமான காரியங்களில் ஒன்று. ஜீப் எங்கே என்று கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது. பொழுது சாய்வதற்குள் மச்சினன் வீட்டு மாடியில் ஒன்பது மூட்டை இருந்தது. மீதி மூன்று விற்றாகிவிட்டது. எண்ணெய் பற்றி நாங்கள் கேட்காமலே மச்சினன் சொன்னான்.

லயத்து ஆட்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். நான்தான் யாரையும் கேட்கவில்லை.

கதைன்னா படிப்பீங்க

ஸ்டேஷனுக்குத் திரும்பி, சிவலிங்கத்துக்கும் சரோஜாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். சீருடையோடு ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குப் பழக்கம் இல்லாததால், அது ஏதோ உத்தரவு போடுகிற மாதிரியே வந்தது. அவர் பதறி எழுந்து நின்றுவிட்டார்.

"கண்ணால பார்த்திருக்கீங்க. நேரா ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்காதே" என்று கேட்டேன். ஒரு ஆற்றாமையில் கேட்டதுதான்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"வந்தேனுங்கய்யா. களவு போச்சுன்னு மேனேஜரு எழுதிக் குடுத்த மறுநா வெள்ளனே வந்தேன். காலு வீங்கிப்போயி, பஸ்ஸு ஏறி. இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். உள்ள நீங்க கவித வாசிச்சுக்கிட்டிருந்தீங்க, எல்லாரும் நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. முடிஞ்சதும் கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். முடிஞ்சதும் நீங்க வண்டியேறிப் போயிட்டீங்க. வாசல்ல நின்ன போலீஸு என்ன விஷயம்னாரு. எஸ்டேட்டு சமாச்சாரம்னேன். அதெல்லாம் மேனேஜரக் கேட்டாச்சு, நீ போன்னுட்டாரு."

செல்லப்பாண்டி ரிஜிஸ்டரில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"போற வழியில பஸ் நிறுத்தத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. ஐயா கதைன்னா படிப்பாருன்னு டீக்கடையில சொன்னாங்க. அதான் கதையா எழுதிக் குடுத்தேன். மேனேஜரு கையில கெடைச்சிருமோன்னு பயந்து ஏலக்காய்னு போட்டேன். எங்க எஸ்டேட்டுல ஏலக்காய் ஸ்டோரு ஏதுங்கய்யா, படிச்சா விளங்கிரும்னு நெனச்சேன்."

"அப்ப நீங்க கதை எழுதுறவர் இல்லையா?"

"இல்லீங்கய்யா. இதுதான் மொதல்."

"இனிமே எழுதமாட்டாரு" என்றார் சரோஜா. மேஜைமேல் இருந்த ஆரஞ்சுகளைப் பார்த்தார். திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் அந்தப் பெஞ்சில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது அங்கே நன்றாகவே கேட்கிறது.

மேலிடத்துச் சிவப்பு

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். டி.எஸ்.பி ஐயா அதைத் திருப்பி அனுப்பினார், சிவப்பு மையில். 'விதியின் விளையாட்டால்' அடிக்கப்பட்டிருந்தது. 'படைப்பு மனத்தின் பேராவேசத்தில்' அடிக்கப்பட்டிருந்தது. கடைசியில் மிஞ்சியது, 'நான் தவறு செய்தேன்' என்ற ஒரு வரிதான். கீழே கையெழுத்துக்கு இடம். போட்டு அனுப்பினேன். மூன்று மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சம்பள உயர்வு ஒன்று போனது. மதுரை விருதும் போனது. அது வேறொரு கவிஞருக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய கவிதைகள் சுமார்தான் என்பதை எந்தப் பொறாமையும் இல்லாமல் சொல்கிறேன்.

இரண்டாம் பதிப்பில் சிவலிங்கத்தின் கதை 'நடந்தது' என்ற தலைப்போடு, அவர் எழுதியபடியே வந்தது. துரை, ஏலக்காய், காப்பி குடிக்கும் போலீஸ் எல்லாம் அதில் உண்டு. எழுத்தாளர் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புது மேனேஜர் அவர்களை அதே லயத்தில் இருக்கச் சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்குக் காப்பி கிடைக்கவில்லை. சரோஜா தண்ணீர் கொடுத்தார்.

ரோல்காலில் கவிதை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். காவலர்கள் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து ஸ்டேஷனில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. போன வருஷம் அடுத்த தொகுப்புக்கு நோட்டீஸ் ஒட்டினேன். கதைகள் வந்தன. ஒரு பிற்பகல் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மேல்மலைப் பூண்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கவர். பள்ளிப் பிள்ளையின் நோட்டுத் தாள், பெரியவர் ஒருவரின் நடுங்கும் எழுத்து. பெயர் இல்லை. ஒரு பெண்ணை அவள் கணவன் பூண்டு காயப்போடும் கொட்டகையில் நான்கு நாளாகப் பூட்டி வைத்திருக்கிறான் என்று கதை. தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, வரிக்கு ஒரு பிழை. கொட்டகைக் கதவு நீலம் என்றும், பக்கத்தில் இடிந்த தண்ணீர்த் தொட்டி என்றும் ஒன்றுக்கு இரண்டு முறை எழுதியிருந்தது.

பேனா கையில் திறந்தபடி இருந்தது. மூடி வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தேன்.

"செல்லப்பாண்டி, வண்டியை எடுக்கச் சொல்லுங்க. மேல்மலைக்குப் போகணும்."

அவர் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"கதை நல்லாருக்குங்களாய்யா?"

"போய்ப் பார்த்துட்டுத்தான்யா சொல்லணும்" என்றேன்.